மயிலாத்தாளுக்குப் போட்ட மரப்பு ஊசி

பல்லுவலிங்களா தம்பி? கன்னத்துல கர்ச்சீப்ப அமுத்திட்டு உக்காந்திருக்கறதப் பாத்தாலே தெரியுதுங்க. கடவாப் பல்லுங்களா? பேச வேண்டாம், தலைய ஆட்டுனாப் போதும். ஈரோட்டுல டாக்டரப் பாக்கப் போறீங்களாக்கும். நல்லதுங்க. நானும் பல்லு டாக்டருகிட்டத்தான் போயிட்டிருக்கறேன். எனக்கில்லீங்க, எங்க ஊட்டுல அவளுக்கு. அதா, முன்னால லேடீஸ் சீட்டுல, சன்னலோரமா, பச்சைச் சீலை கட்டி கனகாம்பரம் வெச்சிருக்கறா பாருங்க, அவதான். மயிலாத்தான்னு பேரு. நான் நாச்சிமுத்து. நத்தக்காடையூருக்கு அக்கட்ட தேங்காக் களம் வெச்சிருக்கறனுங்க. தேங்காய ஒடச்சுக் காயப்போட்டு, கொப்பரையாக்கி எண்ணெய் மில்லுக்கு அனுப்பறதுதான் நம்ம சோலி.

நீங்க ஏர்றதுக்கு முன்னால இந்த எடம் காலியாத்தான் கெடந்துதுங்க. இங்க உக்காரு அம்மிணின்னு கையத் தட்டிக் காட்டறேன், அவ பாட்டுக்கு முன்னால போயி உக்காந்துட்டா. முப்பத்தஞ்சு வருசத்துல இப்பிடிப் பண்ணதில்லீங்க. எல்லாம் அந்தப் பல்லு டாக்டரு புள்ள பண்ண வேலை. நெனச்சா எனக்குப் பத்திக்கிட்டு வருதுங்க.

உங்களுக்கு ஊசி போடுவாங்க தம்பி. மரத்துப்போற ஊசி. அதப் போட்டுக்கறதுக்கு முன்னால நாலு விசயம் தெரிஞ்சுக்கோணும். எனக்கு யாரும் சொல்லலீங்க. சொல்லீருந்தா இத்தனை அக்கப்போர் இல்லை. அந்த வயித்தெரிச்சல்லதான் உங்ககிட்டச் சொல்றேன், கேட்டுக்கங்க.

இவளுக்குப் பல்லுவலி வந்து கொஞ்ச நாளாச்சுங்க. பல்லு வலிக்குதுங்கன்னு ரெண்டு மூணு தடவ சொன்னா. லவங்கத்த வெச்சுக் கடின்னு நானும் வைத்தியம் சொன்னேன். அதுக்கப்பறம் அவ ஒண்ணும் சொல்லலை. செரி, நல்லாயிருச்சுன்னு நான் நெனச்சுக்கிட்டேன். நெனக்க மாட்டனுங்களா? வலிச்சா மறுபடி சொல்லோணுமில்ல? ஒரு நாள் காத்தால பாத்தா கன்னம் இத்தத்தண்டி வீங்கி, கண்ணே சின்னதாப் போச்சு. என்ன அம்மிணி இதுன்னா, ஒண்ணுமில்லீங்கங்கறா. ஒண்ணுமில்லையாம். உடனே கூட்டிட்டுக் கெளம்பீட்டனுங்க. எனக்கு அவமேல அக்கறை இல்லைன்னு ஒருத்தன் சொல்லீற முடியாது.

ஆஸ்பத்திரி தண்ணி டேங்கு ஸ்டாப்புல எறங்குனா எதுத்தாப்புலயே இருக்குதுங்க. உள்ள போனா ஒரே குளுகுளுன்னு இருக்குது. டாக்டரப் பாத்தா சின்னப் புள்ள. காலேஜுக்குப் போறதாட்டம் இருக்குது. பேரு சிந்துஜாவாம். வாங்கம்மா, எந்தப் பல்லும்மான்னு இவளப் பாத்துக் கேக்குது. நான் பக்கத்துல நிக்கறேன், என்னைப் பாத்துக் கேக்கலீங்க. இவளுக்கு வாயத் தொறக்கவே ரெண்டு நிமிசமாகும், அதுக்குள்ள நானே விரல வெச்சுக் காட்டீட்டேன், இந்தப் பக்கம் கீழ்ப் பல்லுங்கன்னு. அதுக்கு அடுத்த பல்லாம். அது ஒரு பெரிய தப்புங்களா?

அப்பறம் கேள்வியாக் கேக்குது. சுகர் இருக்காம்மா? பிரஷர் இருக்கா? இருதயத்துக்கு வைத்தியம் எதாவது பாக்கறீங்களா? தெனமும் என்னென்ன மாத்திரை சாப்படறீங்க? ரத்தம் ஒறையாம இருக்கறதுக்கு மாத்திரை எதாச்சும்? எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போயிருக்கா? இதுக்கு முன்னால பல்லுக்கு ஊசி போட்டிருக்கீங்களா, போட்டப்ப மயக்கம் கியக்கம் வந்துதா? இத்தனையும் ஒரு சொத்தப் பல்லுக்குங்க. பொண்ணு பாக்க வர்றவங்க கூட இத்தனை கேக்கறதில்லை.

நான் சொன்னேன், அதெல்லாம் ஒரு சீக்கும் கெடையாதுங்க, ஒரு மாத்திரை தொட்டதில்லை, கல்லாட்டம் இருப்பான்னு. டாக்டரு இவளப் பாத்துச்சு. இவ என்னையப் பாத்தா. நான்தான் சொல்லீட்டனே, அப்பறம் என்னத்துக்குப் பார்வை? காத்தால சாப்ட்டீங்களாம்மான்னு அடுத்த கேள்வி. ஆச்சுங்கன்னேன். யாரு கேட்டாலும் நாம ஆச்சுங்கன்னுதான சொல்லுவோம்? இல்லீங்கன்னு சொன்னா எதோ சோத்துக்கில்லாம வந்தவங்கன்னு நெனைக்க மாட்டாங்களா? அதுவுமில்லாம நான் சாப்ட்டுட்டுத்தான் வந்தேன். குடல் கொழம்பு ஊத்தி இட்லி. போட்டது இவதான். ஊருக்கே போட்டவ தானும் ரெண்டு தின்னிருப்பாள்னுதான எவனும் நெனப்பான்?

அன்னிக்குச் செவ்வாக்கெழமைங்க. செவ்வாக்கெழமையானா இவ பொழுது சாயற வரைக்கும் பச்சைத் தண்ணி தொடமாட்டாளாம். முருகனுக்கு விரதமாம். எத்தனை வருசமாவோ இருக்கறாளாம். எனக்குத் தெரியாதுங்க. எனக்குக் கொழம்பு ஊத்தறா, ஊத்தீட்டு அடுப்படிக்குள்ள போயர்றா. உள்ள போயித் தின்னாளா தின்னலையான்னு எட்டி எட்டியா பாத்துட்டிருக்க முடியும்? யாருக்காக இருக்கறயாம் விரதம்னு அப்பறமாக் கேட்டேன். உங்க ஆயுசுக்குத்தானுங்கன்னா. அதக் கேட்டதும் எனக்கு இன்னும் கோவம் வந்துருச்சு. எனக்காக இருக்கறத எங்கிட்டச் சொல்லாம அந்த டாக்டரு புள்ளகிட்டச் சொல்லிருக்கறா பாருங்க.

முழுசும் கேளுங்க. பிரஷர் பாத்துட்டு ஊசி போடலாம்னு அந்தப் புள்ள மிசின எடுக்கப் போச்சு. நான் சன்னல் வழியா பாக்கறேன், மானம் கருகருன்னு கட்டிட்டு வருது. களத்துல அத்தனை கொப்பரை காயுதுங்க. ஒரு மழை நனஞ்சாப் போதும், பூசணம் புடிச்சுப் பாசியாட்டம் ஆயிரும், ஒருத்தன் வாங்கமாட்டான். ஆளுங்க படுதா போடுவாங்களா, போன நோண்டிட்டு உக்காந்திருப்பாங்களான்னு எனக்குப் படபடன்னு வருது. ஒரு பல்லுக்குப் போயி என்னத்துக்குங்க பிரஷரு, சட்டுன்னு ஊசியப் போட்டு அனுப்பி வுடுங்கன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். அது தயங்கித் தயங்கி நின்னுட்டு, செரின்னுருச்சு. அது யாரு தப்புங்க? படிச்சது அதா நானா? நான் ஆயிரம் சொல்லுவேன், அது கேக்கலாமா?

ஊசிக்கு முன்னால இவகிட்டச் சொல்லுச்சு. இது போட்டு மரக்கறதுக்கு அஞ்சு பத்து நிமிசமாகும்மா. உதடும் பாதி நாக்கும் தடிச்சாப்புல இருக்கும், பயப்படாதீங்க, ரெண்டு மூணு மணி நேரத்துல தானாப் போயிரும். பல்லுல வேலை செய்யறப்ப அமுத்தறது, தள்றது தெரியும், வலி தெரியக்கூடாது. வலிச்சா எடது கையத் தூக்குங்க, நான் உடனே நிறுத்திருவேன். அது சொன்னத நானும் கேட்டனுங்க, இல்லைங்கல.

செரின்னு ஊசியப் போட்டுது. கொஞ்ச நேரம் விட்டு, என்னமோ சின்னக் கொக்கியாட்டம் ஒண்ண எடுத்து, பல்லத் தொட்டுப் பாத்துச்சு. தொட்டதுதான், இவ கையத் தூக்கீட்டா. நான் தலைமாட்டுல நிக்கறேன். பொம்பளைங்களுக்குப் பல்லுப் புடுங்கற கொறட்டையும் கொக்கியையும் பாத்தாலே பயம் வந்துருமில்ல, தைரியம் குடுக்கோணும்ங்கறதுக்காக அந்தக் கையப் புடிச்சுக் கீழ வெச்சு, ஒண்ணுமில்ல அம்மிணி, பொறுத்துக்கன்னேன். டாக்டருகிட்டயும் சொன்னேன், ஒண்ணுமில்லீங்க, அவ அப்பிடித்தான், நீங்க பாருங்கன்னு. மறுபடி தூக்குனா. மறுபடி புடிச்சு வெச்சேன். அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு தெரியுங்களா? சார், அவங்க கைய விடுங்க. அந்தக் கொரல்ல எங்கம்மா கூட எங்கிட்டப் பேசுனதில்லீங்க.

அப்பறந்தான் சொல்லுது, உள்ளாற சீழ் வெச்சிருந்தா உதடு மரத்தாலும் பல்லு சில நேரம் மரக்காதாம். வலிக்குதுன்னா நெசமாவே வலிக்குதாம். வேற எடத்துல இன்னொரு ஊசி போட்டாத்தான் கேக்குமாம். இத மொதல்லயே எங்கிட்டச் சொல்லீருந்தா நான் எதுக்குங்க கையப் புடிக்கறேன்?

அந்த ரெண்டாவது ஊசி போட்டு ஒரு நிமிசங்கூட ஆகலீங்க. இவ நெஞ்சுல கைய வெச்சுட்டு என்னமோ சொல்றா. வாய் கோணிக்கிட்டு வார்த்தை வரலை. படபடங்குது, படபடங்குதுங்கறா. மூஞ்சியெல்லாம் முத்து முத்தா வேர்த்து, உதடு வெளுத்து, கண்ணு மேல போயிருச்சு தம்பி. நான் மயிலாத்தா மயிலாத்தான்னு கத்தறேன். அந்தப் புள்ள நாற்காலியச் சாச்சு, கால மேல தூக்கி வெச்சு, நர்ஸக் கூப்புட்டு மூச்சுக்கு என்னமோ மாட்டுனாங்க. பொய் சொல்லலை, பயந்துட்டேன். அவ போயிட்டா எங்கூட்டுல ஒரு டம்ளர் தண்ணி எங்க இருக்குதுன்னு கூட எனக்குத் தெரியாதுங்க. அத்தனை கோவத்துலயும் அன்னிக்கு ராமலிங்க சாமில இருந்து எல்லாச் சாமியையும் வேண்டிக்கிட்டேன்.

கொஞ்ச நேரத்துல கண்ணு முழிச்சுட்டா. சக்கரைத் தண்ணி குடுத்தாங்க. மிசின வெச்சுப் பிரஷர் பாத்தாங்க, பாத்தாங்க, பாத்துட்டே இருந்தாங்க. அப்பத்தான் அது நடந்துதுங்க. அந்தப் புள்ள என்னைத் திரும்பிப் பாத்து, சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்கன்னுருச்சு. நான் அவ புருசனுங்கன்னேன். தெரியும் சார், வெளிய இருங்கன்னுது. நர்ஸு கதவத் தொறந்து புடிச்சுட்டு நிக்குது. நான் என்ன பண்றதுங்க? வெளிய வந்துட்டேன். காத்திருக்கறவங்க அத்தனை பேரும் என்னையத்தான் பாக்கறாங்க. எங்கூருல கோயில் கூட்டத்துல எனக்கு நாற்காலி போட்டாத்தான் பேச்சே ஆரம்பிப்பாங்க தம்பி. பெத்த புள்ள வயசுல இருக்கற ஒண்ணு என்னைய வெளிய நிறுத்தீருச்சு.

கண்ணாடிக் கதவுங்க அது. சத்தம் கேக்காது, ஆளு தெரியும். பாக்கறேன், இவ பேசறா. பாதி வாய் கோணிக்கிட்டு எச்சி ஒழுகறத முந்தானைல தொடச்சுத் தொடச்சுப் பேசறா. கையக் கையக் காட்டிப் பேசறா. எங்கிட்டப் பேசறப்ப அவளுக்குக் கையே இல்லாத மாதிரி நிப்பாளுங்க. அந்தப் புள்ள முட்டி போட்டு ஒக்காந்து கேட்டுக்கிட்டிருக்குது. நடுவுல இவ சிரிக்கறா தம்பி. பாதி மூஞ்சிலதான் சிரிப்பு வருது, ஆனாலும் சிரிக்கறா. அத்தனை நேரம் என்னத்தப் பேசுனாளோ. அத நெனச்சா இன்னிக்கும் எனக்குச் சோறு எறங்கறதில்லைங்க.

வெளிய வந்து டாக்டரு சொல்லுது. அம்மாவுக்குப் பிரஷர் இருக்கு சார். ரெண்டு வருசமா மாத்திரை சாப்படறாங்க. உங்களுக்குத் தெரியாதா? எனக்கெப்பிடிங்க தெரியும்? நான் களத்துக்குப் போனப்பறம் ஊடு ஊடா வர்ற நர்ஸம்மா வந்து பாத்துட்டுக் குடுத்துட்டுப் போகுதாம். இவ அத மல்லி டப்பாக்குள்ள போட்டு வெச்சுக்கிட்டு முழுங்கறாளாம். ஒருக்கா தலை கிர்ருங்குதுங்கன்னு சொன்னா, ஞாபகமிருக்குது. வெயில்ல நின்னிருப்ப, மோரக் குடின்னு சொன்னேன். தப்பாங்க? மோர் நல்லதுதான? அதுக்காக ஒருத்தி மாத்திரையப் புருசன் கண்ணுல படாம மறைச்சு வெப்பாளா?

அப்பறம் அந்தப் புள்ள வெளக்குச்சு. மரப்பு ஊசி மருந்துல, மரப்பு சீக்கிரம் போயிரக் கூடாதுங்கறதுக்காக இன்னொரு மருந்து துளி கலந்திருக்குமாம். அது நெஞ்ச வேகமா அடிக்க வெக்குமாம். நல்லா இருக்கறவங்களுக்கு ரெண்டு நிமிசத்துல அடங்கீரும், பயப்படத் தேவையில்லையாம். பிரஷர், இருதயம்னு இருந்தா முன்னாலயே சொல்லீரோணுமாம். அளவு கொறைப்பாங்களாம், மருந்த மாத்துவாங்களாம், இல்லாட்டிப் பிரஷர் அடங்கட்டும் அப்பறம் வாங்கன்னு அனுப்புவாங்களாம். வெறும் வயித்தோட போயி பயத்தோட ஊசி போட்டுக்கிட்டா மயக்கம் வர்றது சகஜமாம். நீங்க சாப்ட்டுட்டுத்தான வந்தீங்க தம்பி? சாப்ட்டீங்கள்ல, நல்லது.

கடைசியா அது ஒண்ணு சொல்லுச்சுங்க. அத்தனை பேரு முன்னாலயும். நான் அவங்களக் கேக்காம உங்க பேச்சக் கேட்டது என் தப்பு சார், இனி அவங்கள மட்டுந்தான் கேப்பேன்னுது. மன்னிப்புக் கேக்கறாப்புல கேட்டுக்கிட்டே எம் மூஞ்சில அறையறது எப்பிடின்னு அந்தப் புள்ளகிட்டத்தான் கத்துக்கோணும். சீழ மட்டும் எடுத்துவுட்டு, மாத்திரை எழுதிக் குடுத்து, பிரஷர் அடங்குன பொறகு வாங்கம்மான்னு அனுப்பிருச்சு. வாங்கம்மா. வாங்கன்னு எனக்கில்லை.

வெளிய வந்து, பாவம் மயங்கி வுழுந்தவளாச்சேன்னு பக்கத்துப் பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போனனுங்க. நல்லா சூடா, ஆத்தாம ஒரு காப்பி, ஒரு தேங்கா பன்னுன்னு சொன்னேன். இவ வேண்டாம் வேண்டாம்னு தலைய ஆட்டறா. வாயக் காட்டிக் காட்டி என்னமோ சொல்றா, வழவழன்னு ஒண்ணும் புரியலை. சும்மா குடி, குடிச்சாத்தான் தெம்புன்னேன். இன்னும் ஆட்டறா. எல்லாரும் பாக்கறாங்க, குடின்னு கொஞ்சம் அதட்டுனேன். குடிச்சுட்டா. பன்னையும் தின்னா. ஊட்டுக்கு வந்து மரப்பு போனப்பறம் பாத்தா உதடு வெந்து கொப்புளமா நிக்குது. உள்ளாற கன்னத்துச் சதையப் பன்னுன்னு நெனச்சுக் கடிச்சு வெச்சிருக்கறா. ஒரு வாரம் கஞ்சித் தண்ணிதாங்க.

மரத்திருக்கறப்ப சூடா எதுவும் குடிக்கக் கூடாதாம், அந்தப் பக்கமா மெல்லக் கூடாதாம். சூடும் தெரியாது கடியும் தெரியாதாம். மரப்பு போற வரைக்கும் உதட்டக் கடிச்சுப் பாக்கறது, கிள்ளிப் பாக்கறது எதுவும் ஆகாதாம். இத உள்ள வெச்சு இவகிட்டச் சொல்லிருக்குது. என்னைய வெளிய நிறுத்தீட்டு இவகிட்ட மட்டும் சொன்னா எனக்கெப்பிடித் தெரியும்? சொல்லுங்க. காப்பி வாங்கித் தர்றவன் நான், சொல்றது இவகிட்டயா? போன் போட்டு அந்தப் புள்ளைய ஒரு புடி புடிச்சேன். அது அமைதியாக் கேட்டுட்டு, அம்மா உங்ககிட்ட வேண்டாம்னு சொல்லலையா சார்ங்குது. சொன்னா, ஆனா எனக்குப் புரியோணுமில்லன்னேன். போன வெச்சுருச்சுங்க.

என்ன அம்மிணி? இரு, இந்தத் தம்பிகிட்டப் பேசிட்டிருக்கறேனில்ல. வர்றேன் இரு.

பாருங்க, இப்பத்தான் கூப்படறா. முழு வழியும் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு வந்துட்டு. எங்க வுட்டேன்? ஆங். கொப்புளம் ஆறுச்சுங்க, வாய் நல்லாயிருச்சு. அதுக்கப்பறந்தான் எனக்குக் கெரகம் ஆரம்பிச்சுது. ஒறம்பரை வந்திருந்தாங்க, எங்க பெரியப்பன் மகன் ஊட்டுல இருந்து. ஒடம்பு எப்பிடி இருக்குது மயிலாத்தான்னு கேட்டாங்க. நான், நல்லாருக்கறான்னேன். இவ அடுப்படியில இருந்து வெளிய வந்து, இல்லீங்க, நல்லால்லைங்கறா. அத்தனை பேரு முன்னாலயும். எனக்குப் பிரஷர் இருக்குதுங்க, சித்த நடந்தா மூச்சு வாங்குதுங்க, ராத்திரி தூக்கமில்லீங்கன்னு வரிசையாச் சொல்றா. நான் பேயடிச்சவனாட்டம் உக்காந்திருக்கறேன். அப்பிடியான்னு ஒருத்தரும் எம் மூஞ்சியப் பாக்கலை, இவளச் சுத்தி உக்காந்து கேக்கறாங்க. மாத்திரை இப்ப மல்லி டப்பாக்குள்ள இல்லீங்க. டிவி மேல, நான் உக்கார்ற எடத்துக்கு நேரா வெச்சிருக்கறா. இந்தச் செவ்வாக்கெழமை என்னோட உக்காந்து இட்லி தின்னா. விரதம் என்னாச்சுன்னேன். முருகன் கோவிச்சுக்கமாட்டாருங்கன்னா. எம்பட ஆயுசு என்னாகறதுங்க தம்பி?

என்னங்க தம்பி? இருங்க, இதக் கேட்டுட்டுச் சொல்லுங்க. முக்கியமான எடத்துக்கு வந்துட்டேன்.

இன்னிக்குக் காத்தால நான் ஒண்டியாப் போயிக்கறனுங்கன்னா. நீங்க களத்தப் பாருங்கங்கறா. வுடுவனுங்களா? போன தடவையாட்டம் ஆச்சுன்னா யாரு பாக்கறது? என்னமோ கோவத்துல பேசறேன்னு நெனைக்காதீங்க தம்பி, அன்னிக்கு அவ கண்ணு மேல போன அந்த நிமிசம் இருக்குதே, அது எனக்குக் கனவுல வருதுங்க. அதனால இந்தத் தடவ நான் ஒரு முடிவோட வந்திருக்கறேன். எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணீட்டேன். மாத்திரை பேரு என்ன, காத்தால எத்தனை மணிக்குப் போட்டா, நேத்துப் பிரஷர் எவ்வளவு, எந்தப் பல்லு, எத்தனை இட்லி. ரெண்டு போதுமுங்கன்னா, நான் எதுத்தாப்புல நின்னு நாலு திங்க வெச்சேன். இன்னிக்கு அந்தப் புள்ள எந்தக் கேள்வியக் கேட்டாலும் எங்கிட்டப் பதில் இருக்குது. இவ வாயத் தொறக்க வேண்டியதே இல்லை. என்னைய வெளிய போகச் சொல்லட்டும் பாக்கலாம், நான் நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான்...

எல்லாரும் எறங்கறாங்க. இது என்னங்க, பஸ் ஸ்டாண்டுங்களா? தண்ணி டேங்கு எப்பங்க போச்சு? ஏனுங்க கண்டக்டரு, தண்ணி டேங்குல நிக்கலீங்களா? நின்னுச்சா? எப்ப? மயிலாத்தா. ஏய் மயிலாத்தா. அந்த சீட்டுல வேற யாரோ உக்காந்திருக்கறாங்களே.

என்ன சொல்றீங்க தம்பி? எறங்கீட்டாளா? நீங்க பாத்தீங்களா? இருன்னு சொன்னனே, அப்பவா. ஸ்டாப்பு வந்துருச்சுங்கன்னு சொல்லத்தான் கூப்புட்டாளா. அதுக்கப்பறமும் ஒருக்கா கூப்புட்டாளா, எனக்குக் கேக்கவே இல்லீங்களே. கொஞ்ச நேரம் படியில நின்னு பாத்தாளாக்கும். அதச் சொல்லத்தான் நீங்களும் வாயெடுத்தீங்களா. கூப்புட்டு நிறுத்தீருக்கலாமில்ல நீங்க? செரி வுடுங்க, உங்கள எங்க நான் பேச வுட்டேன்.

போன் போட்டுப் பாக்கறேன் இருங்க. அவ போனு... இங்கதான் இருக்குதுங்க. எங்கிட்டத்தான். இதா, ரெண்டு போனும் என்ர ஜோப்புலதான் கெடக்குது. தொலச்சுப்போடுவாள்னு நான்தான் எப்பவும் வாங்கி வெச்சுக்கறது.

ஆட்டோ புடிச்சாப் போயரலாந்தான். ஆனா அதுக்குள்ள உள்ள கூப்புட்டிருப்பாங்க. அந்தப் புள்ள மொதக் கேள்வியே, கூட யாரும் வரலீங்களாம்மான்னுதான் கேக்கும். இத்தனை வருசமா இவள யாரு என்ன கேட்டாலும் நாந்தானுங்க பதில் சொல்லீருக்கறேன். இப்ப இதுக்கு அவ என்ன சொல்லுவான்னு, நெசமா எனக்குத் தெரியலீங்க தம்பி.